முப்பத்தொன்றாம் எண்ணுக்குக் கிடைத்த மாத்திரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகம் என்று ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துகொண்டேன், இருந்தாலும் கடிதத்தில் அதைக் கேட்காமல் மேலே போகக் கை வரவில்லை, அதனால் இன்னொரு முறையும் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் அதை முடிப்பது எப்போதும் உன் அம்மாதான், அதுவும் நான் தொடங்கிய விஷயமாக அது இருக்காது. இதை நானே முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும் என்று ஆசை. அவள் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருக்கிறாள். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நாலு மாடியும் ஏறித்தான் போகிறாள், ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன் பெண்டாட்டிக்கு மாடிப்படிதான் எழுதியிருக்கிறது என்று படிக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டே ஏறுகிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, நான்தான் சரி செய்தேன். எதிர்வீட்டுக்காரர் கதவுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார், கண் கூசுகிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பா ஏதோ மருந்து சாப்பிடுகிறார் என்று அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீயும் வழக்கம்போல, வீட்டில் எல்லாம் அமைதியா என்று மட்டும் அவளிடம் கேட்டுவிட்டு விட்டுவிட்டாய். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். குடியை ஏழு தடவை விட்டு ஏழு தடவை தொட்டவனிடம் எட்டாவது தடவையும் கைதட்டச் சொல்ல முடியாது, அதனால் எனக்கு வருத்தம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேள். போன வருஷம் மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், ஓர் ஆராய்ச்சிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கம்பெனியிலிருந்து என்னை அனுப்பினார்கள். மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. மேலே கதவைப் பிளந்து தலையை நீட்டினால் உள்ளே ஒரே ஓர் அம்மா, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஏதோ காகிதக் கட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். பயப்படாதீங்கம்மா என்றேன். அவர் பயந்த மாதிரியே இல்லை, அண்ணாந்து என்னைப் பார்த்தார், மூக்கு மட்டும் லேசாகச் சுளித்தது. மணி காலை பத்தேகால். பெட்டியை ஏற்றிக் கதவைத் திறந்துவிட்டதும் நன்றி சொன்னார், செருப்பை மாட்டிக்கொண்டே, ஏதோ நேரம் கேட்கிற மாதிரி, "இன்னைக்கு எத்தனை மணிக்குக் குடிச்சீங்க?" என்றார். என் வாய் என்னைக் கேட்காமலேயே ஆறரை மணி என்று சொல்லிவிட்டது. முப்பது வருஷத்தில் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் நேரான பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

வேலை போயிற்று என்று நின்றேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். குடிப்பழக்கத்துக்கு ஒரு மருந்தைச் சோதித்துப் பார்க்கிறோம், விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று எழுதியிருந்தது. அந்த ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரே லிஃப்டில் இருந்த அந்த அம்மாதான். கம்பெனிக்குச் சொல்லிவிடுவீர்களா என்று கேட்டேன். மூணு மாடி உயரத்தில் மனுஷர்களைத் தொங்கவிடுகிற வேலையில் நீங்கள் இப்படி இருப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது, நீங்களே மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்தால் நல்லது என்று சொல்லிவிட்டார். சொன்னேன். மேலாளர் என்னை மேலே பார்த்துக் கீழே பார்த்து, இது இவ்வளவு நாளாகக் கம்பெனி முழுக்கத் தெரிந்த ரகசியம்தானே என்றார், உதிரிபாக அறைக்கு மாற்றினார், நல்லபடியாக வந்தால் மறுபடி லிஃப்ட் என்றார். ஆறு மாதம் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த அறையில் எலி உண்டு, அதுவும் என்னைப் போலவே ஓய்வில் இருந்தது.

ஆராய்ச்சியில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். நான் முப்பத்தொன்று. செவ்வாய்க்கிழமை தோறும் போக வேண்டும், ஒரு குழாயில் ஊத வேண்டும், ஒரு குப்பியை எடுத்துக்கொண்டு மறைவாகப் போய்த் திரும்பி வர வேண்டும், பிறகு நர்சம்மா கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும், அதற்கப்புறம் அந்த வாரத்து மாத்திரையைத் தருவார்கள், கடைசியில் எல்லாரும் கூட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை, பார்க்க இரண்டும் ஒன்று. யாருக்கு எது என்று நமக்கும் தெரியாது, தருகிற நர்சம்மாவுக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது, அந்தப் பட்டியலை எங்கோ ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். இது என்ன கண்ணாமூச்சி என்று உன் அம்மா கேட்டாள். நானும் அதைத்தான் கேட்டேன். தெரிந்துவிட்டால் ஆசையும் பயமும் நடுவில் புகுந்து முடிவைக் கெடுத்துவிடும், மருந்து வேலை செய்கிறதா, மருந்து சாப்பிடுகிறோம் என்கிற நினைப்பு வேலை செய்கிறதா என்று பிரித்துப் பார்க்கத்தான் இவ்வளவும் என்றார் டாக்டரம்மா. கேள்விகளோ கொஞ்ச நஞ்சமில்லை. முதல் முதலில் எந்த வயதில் குடித்தாய், பதினாலு. வீட்டில் வேறு யார் குடிப்பார்கள், என் அப்பா, என் அண்ணன். அண்ணன் இப்போது எங்கே, இல்லை. அப்படி நர்சம்மா எழுதிக்கொண்டே போகும்போது ஒரு நாள் நான் கேட்டேன், அப்போ இது வம்சத்தில் வருவதா, சேர்க்கையில் வருவதா என்று. இரண்டும்தான், அது போக, பழகுகிற வயதும் சேர்ந்துகொள்கிறது, எது எவ்வளவு என்று தெரிந்திருந்தால் நாங்கள் ஏன் இப்படிக் குப்பிகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்றார்.

முதல் இரண்டு வாரம் பட்ட பாட்டை எழுதமாட்டேன், அம்மாவைக் கேட்டுக்கொள். பிறகு மெல்ல மெல்ல ஒரு விஷயத்தைக் கவனித்தேன். சாயங்காலம் ஐந்து மணியானால் காலே கடைப்பக்கம் திரும்பும் இல்லையா, அந்த இழுப்பு இருந்தது, ஆனால் கயிறு கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது. ஒன்பதாவது வாரம் ஒரு நாள் சறுக்கினேன். மறைக்கலாமா என்று யோசித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை, எத்தனை மணிக்கு, எவ்வளவு, யாரோடு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார், சொன்னதற்கு நன்றி என்றார். நான் திட்டு வாங்கத் தயாராகப் போனவன், நன்றியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூட இல்லை. இப்போது வரை.

இங்கேதான் உன் அப்பாவின் தலைக்கனம் தொடங்குகிறது. நாள் ஆக ஆக, எனக்குக் கிடைப்பது மாவு மாத்திரைதான் என்று நானே தீர்மானம் செய்துவிட்டேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், கசப்பே இல்லை. மயக்கம் இல்லை, குமட்டல் இல்லை. அப்படியானால் இந்த ஐந்து மாதமும் நிற்பது யாரால், என்னால்தான், என் மனஉறுதியால்தான். இதைக் கம்பெனியில் சொன்னேன், எதிர்வீட்டில் சொன்னேன், மாடிப்படியில் எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். உன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அவள் சும்மா இருந்தால் அதற்கும் ஒரு அர்த்தம் இருக்கும், அதையும் நான் கவனிக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலி ஒரு கணக்கு வாத்தியாருடையது, இருபத்தெட்டாம் எண். தங்கமான மனுஷர், எதையும் மெதுவாகப் பேசுவார், பள்ளிக்கூடத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று தொப்பி போட்டுக்கொண்டு வருவார், அந்தத் தொப்பியால்தான் தெருவே அவரைத் திரும்பிப் பார்க்கும். நாலு மாதம் ஒழுங்காக இருந்தவர், திடீரென்று ஒரு வாரம் வரவில்லை, அடுத்த வாரம் வாடையோடு வந்து உட்கார்ந்தார். எல்லாரும் பேசாமல் இருந்தார்கள். நான் பேசினேன். "மாத்திரையில ஒண்ணும் இல்ல வாத்தியாரே. எனக்குக் குடுக்கிறதும் வெறும் மாவுதான். நான் நிக்கலையா? மனசு வேணும், அவ்வளவுதான்." இதை நான் சொன்னேன், மகளே, எட்டுப் பேர் முன்னால், என் ஒன்பதாவது வாரத்தை அப்படியே முழுங்கிவிட்டுச் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்து மடியில் வைத்து அதன் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா பேச்சை மாற்றினார், பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இங்கே யாரும் யாருக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது என்று சொன்னார். தலையை ஆட்டினேன், மனதுக்குள் நான் சொன்னதில் என்ன தப்பு என்றுதான் இருந்தது. வாத்தியார் அதற்கப்புறம் வரவில்லை.

ஆராய்ச்சி போன மாதம் முடிந்தது. பெட்டியைத் திறந்தார்கள், விருப்பம் உள்ளவர்களுக்கு அவரவர்க்கு என்ன கொடுத்தோம் என்று சொல்வதாகச் சொன்னார்கள். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன், ஏதோ பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி. டாக்டரம்மா தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை நிஜ மருந்துதான் என்றார். சரியாகப் பாருங்கள், முப்பத்தொன்றா பதின்மூன்றா என்றேன். தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முப்பத்தொன்றுதான். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, என்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அப்போ நான் ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்டேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், என் மனஉறுதியால்தான் அழுத்தம் இறங்கிற்று என்று சொல்லிக்கொள்வதில்லை, இதற்கு மட்டும் ஏன் எல்லாரும் அதையே தேடுகிறீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு வாத்தியாரின் தொப்பி ஞாபகம் வந்தது. அவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன், அதை அவரைத் தவிர யாருக்கும் சொல்ல மாட்டோம் என்றார், நியாயம்தானே. பஸ் ஏற மறந்து வீடுவரை நடந்தே வந்திருக்கிறேன். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, இனிமேல் மாடிப்படியில் யார் முகத்திலும் விழிக்க முடியாது என்றேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இருபத்தாறு செவ்வாக்கிழமை எழுந்து போனது யாரு, மாத்திரையா? வாய் விட்டுட்டு வந்தீங்களே, அதுக்கு மட்டும் மருந்து கிடையாது. அந்த வாத்தியார் வீட்டுக்குப் போங்க" என்றாள். நான் அவளிடம் வாத்தியார் கதையைச் சொல்லவே இல்லை. மாடிப்படியில் பெருமையாகச் சொன்னதில் அதுவும் சேர்ந்துபோய் அவள் காதுக்கு வந்திருக்கிறது.

அவர் வீட்டைக் கண்டுபிடிக்க அந்தத் தொப்பியே போதுமாக இருந்தது, ஒரு நாள் பேச்சுவாக்கில் அவர் சொன்ன பள்ளிக்கூடத்துத் தெருவில் இறங்கி, தொப்பி போட்ட கணக்கு வாத்தியார் என்றதும் ஒரு தையல்காரர் கை நீட்டிக் காட்டினார். கதவைத் திறந்தது அவர் மனைவி. அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார், பாட்டில் ஏதும் இருக்கிறதா என்று. உன் அம்மா என் நண்பர்களை அப்படித்தான் பார்ப்பாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன், உள்ளே விட்டார். வாத்தியார் மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார், நன்றாக மெலிந்திருந்தார், சிவப்புப் பேனாவை அழுத்திப் பிடித்திருந்தார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை, உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று பயம். "எனக்குக் குடுத்தது நிஜ மருந்து வாத்தியாரே. நான் அன்னைக்குச் சொன்னது பொய். தெரியாமச் சொன்ன பொய்தான், ஆனா பொய்தான்" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, நீங்கள் சொன்னதற்காக மட்டும் நான் வராமல் இருக்கவில்லை, அதையேதான் நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன், நீங்கள் கொஞ்சம் சத்தமாகச் சொன்னீர்கள் என்றார். அந்த அம்மாள் டீ கொண்டுவந்து வைத்தார், மூன்று பேரும் குடித்தோம், வாத்தியார் ஐந்தாம் கணக்கை வகுப்பில் பாதிப் பேர் தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று காட்டினார், எனக்கும் அது வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் சேர்ந்தே போனோம். டாக்டரம்மா அவரைத் தனி அறைக்கு அழைத்துப் போனார், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவர் சிரித்துக்கொண்டு வந்தார். மாவு மாத்திரையாம். "வெறும் மாவை வச்சுக்கிட்டு நாலு மாசம் நின்னிருக்கேன். கணக்குப் போட்டுப் பாருங்க, உங்களைவிட நான் பெரிய ஆளு" என்றார். இரண்டு பேரும் அந்த வராந்தாவில் சிரித்த சிரிப்பில் நர்சம்மா எட்டிப் பார்த்து, இன்றைக்கு முதலில் இவர்கள் இரண்டு பேரையும் ஊதச் சொல்லுங்கள் என்றார். இப்போது அவருக்கும் நிஜ மருந்து தொடங்கியிருக்கிறார்கள். மூன்று வாரம் ஆகிறது. அதில் ஒரு நாள் சறுக்கல், அதை அவரே போனில் என்னிடம் சொன்னார், நான் எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மட்டும் கேட்டேன், வேறு எதுவும் சொல்லவில்லை. மருந்து எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லையாம், நிஜ மருந்து சாப்பிட்டும் நிற்க முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள், முழுக் கணக்கும் பார்த்து முடிக்க இன்னும் மாதங்கள் ஆகும். என்னையும் இன்னும் கொஞ்ச காலம் மருந்தைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். கம்பெனியில் மறுபடி லிஃப்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தினமும் காலையில் மேலாளர் முன்னால் ஊதிவிட்டுத்தான் கருவிப் பெட்டியை எடுக்கிறேன், நானே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், இன்னும் ஒன்று பாக்கி. அதற்காகத்தான் போனை விட்டுக் கடிதத்துக்கு வந்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். டாக்டரம்மா அடுத்து ஓர் ஆராய்ச்சி தொடங்குகிறார். குடிக்கிற வீடுகளில் வளர்ந்து பெரியவர்களானவர்களிடம் கேள்வி கேட்டு எழுதி வாங்கப் போகிறார், எந்த வயதில் என்ன உதவி கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தெரிந்தால், இப்போது அப்படி வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஏதாவது செய்யலாம் என்கிறார். உங்கள் மகளுக்கு விருப்பம் இருக்குமா, இல்லை என்றாலும் ஒன்றும் இல்லை என்று என்னிடம் கேள்வித்தாளைக் கொடுத்தார். அதை மூன்று வாரம் கருவிப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். ஒரு நாள் மதியம் ஒரு மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். நாற்பத்திரண்டு கேள்வி. பதினேழாவது கேள்வி, சிறு வயதில் பெற்றோரின் குடியை மற்றவர்களிடமிருந்து மறைத்ததுண்டா என்று. உனக்கு அப்போது ஒன்பது வயது. கம்பெனியிலிருந்து போன் மேல் போன் வந்தது, நான் கூடத்தில் தரையில் கிடந்தேன், அம்மா வேலைக்குப் போயிருந்தாள், நீ ஒவ்வொரு தடவையும் எடுத்து, அப்பா குளிக்கிறார் என்று சொன்னாய். ஆறு தடவை. ஒரே காலையில் ஆறு தடவை குளித்த மனுஷன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நான் தூங்கிவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு எல்லாம் கேட்டது, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. இத்தனை வருஷத்தில் இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. அந்த மோட்டார் அறையில் நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை, கீழே லிஃப்டுக்காகக் காத்திருந்தவர்கள் கத்தின பிறகுதான் எழுந்தேன்.

கேள்வித்தாளை இதோடு வைத்திருக்கிறேன். எழுதினாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி, நான் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விட மாட்டேன். எழுதுவதானால் உள்ளது உள்ளபடி எழுது. அப்பா இப்போது திருந்திவிட்டாரே என்று எந்த இடத்திலும் மெதுவாக்கிவிடாதே, அந்தப் பிள்ளைகளுக்கு அது உதவாது. என் பார்வைக்கு அனுப்ப வேண்டாம், ஆராய்ச்சி மையத்தின் முகவரி எழுதிய உறை உள்ளேயே இருக்கிறது, நேராக அங்கேயே அனுப்பிவிடு. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள், அப்படித்தான் விதி. எழுதும்போது மனசு கஷ்டமாக இருந்தால் பாதியில் நிறுத்திவிடு, மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். என்னிடம் ஏதாவது கேட்க வேண்டும், திட்ட வேண்டும் என்று தோன்றினால் எந்த நேரமானாலும் கூப்பிடு. அப்பாவே எடுப்பேன்.

அம்மா படியிறங்குகிற சத்தம் கேட்கிறது, ஒரு படிக்கு ஒரு வசனம். நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், பேத்தி நம் வீட்டுப் பிடிவாதத்தில் நல்ல பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வளர வேண்டும். குளிர் ஏறுகிறது என்றாய், குழந்தையின் காதை மூடிக் கூட்டிக்கொண்டு போ. மறந்துவிடாதே, அந்தத் தாளில் பின்பக்கமும் கேள்விகள் இருக்கின்றன.

ஆசிகளோடும் நிறைய அன்போடும்,
உன் அப்பா